சோற்றுப் பார்சலுக்கு அப்பால்: மட்டக்களப்பு பஸ் நிலையத்துப் பெரியவர் ஒருவர் பற்றிய நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வரும் ஆட்களின் பெயர், கடை, ஊர், அலுவலகம் எதுவும் அடையாளம் தெரியும்படி எழுதப்படவில்லை. நடந்த வரிசையும் பிழையாய்ப் போன இடங்களும்தான் முக்கியம்.

ஆளும் இடமும்

பெரியவருக்கு 68 வயது. மட்டக்களப்பு பஸ் நிலையத்துக்குக் கிட்ட, பூட்டிக் கிடக்கும் கடையொன்றின் முன்தாழ்வாரத்தில் படுக்கை. பகலில் போத்தலும் காட்போட் மட்டையும் பொறுக்கி விற்பார். சொத்து என்று பார்த்தால் ஒரு உரப்பை, ஒரு பிளாஸ்டிக் கோப்பை, தறப்பாள் துண்டு ஒன்று. இடது கணுக்காலுக்கு மேலே உள்ளங்கை அகலத்தில் ஆறாத நீரிழிவுப் புண். அதைப் பழைய சாரத் துணியால் சுற்றியிருப்பார், துணிக்கு மேலே ஈ மொய்க்கும். குடியும் உண்டு. பேச்சிலோ கணக்கிலோ தடுமாற்றம் இல்லை. எந்த ஊர் என்று கேட்டால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

பசி இவருடைய முதற் பிரச்சினை அல்ல. நகரத்துக்குள் சாப்பாடு ஏதோ ஒரு வழியில் வந்துகொண்டுதான் இருக்கிறது. வெள்ளிக்கிழமைப் பார்சல், பிறந்தநாள் பார்சல், திவசப் பார்சல், ஆடி அமாவாசையை ஒட்டி மாமாங்கக் கோயிலில் அன்னதானம். ஒரு மத்தியானம் மூன்று பார்சல் வந்து சேரும், அடுத்த இரவு ஒன்றுமே வராது. அவரிடம் அறவே இல்லாதிருந்தது முகவரி. முகவரி இல்லாத ஆளுக்கு அடையாள அட்டை எடுக்க வழி தெரியவில்லை, அட்டை இல்லாதபடியால் வேறெந்தக் கதவும் திறக்கவில்லை. பார்சல் கொடுத்தவர்கள் யாரும் அந்தப் பக்கம் யோசித்ததாகத் தெரியவில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, பார்சலை நீட்டிவிட்டுப் போகலாம், கந்தோருக்கு ஆளோடு போய் வரிசையில் நிற்பதற்கு ஒரு முழு நாள் வேண்டும்.

தெருவுக்கு வந்த வழியில் இந்த மாவட்டத்துக்கே உரிய ஒன்று இருக்கிறது. இங்கே வீடு பெண் பிள்ளைக்குச் சீதனம். தகப்பன் வயல் செய்து, கல் சுமந்து கட்டிய வீடு மகளின் பெயருக்குப் போய்விடும். தாய் தகப்பன் அதே வளவில் பின்னுக்கு ஒரு கொட்டில் போட்டோ, மகளோடேயோ இருப்பார்கள். மனைவி இருக்கும்வரை இந்த ஏற்பாடு ஓடும். மனைவி செத்தபின், குடிக்கிற கிழவனுக்கும் மருமகனுக்கும் ஒரு இரவு வாய்த்தர்க்கம் வந்தால், வெளியேறுகிறவர் கிழவனாகத்தான் இருப்பார், ஏனென்றால் வீட்டு உறுதிப் பத்திரத்தில் அவர் பெயர் இல்லை. எல்லாக் குடும்பத்திலும் இப்படி நடப்பதில்லை. ஆனால் தாழ்வாரத்தில் படுத்திருக்கும் வயதான ஆண் ஒருவரைப் பார்த்தால் “பிள்ளைகள் இல்லையோ?” என்று கேட்பதைவிட “வீடு யார் பேரில?” என்று கேட்பது விஷயத்தைச் சீக்கிரம் துலக்கும்.

முதல் முயற்சி

முதலில் வந்தது நல்ல மனமுள்ள இளைஞர் குழு ஒன்று. ஞாயிறு காலை பட்டா லொறியோடு வந்தார்கள். பெரியவரைக் குளிப்பாட்டி, தாடி மழித்து, புதுச் சாரமும் சேர்ட்டும் உடுத்தி, முன்னும் பின்னும் படம் எடுத்து முகநூலில் போட்டு, பின்னேரம் முதியோர் இல்லம் ஒன்றில் கொண்டுபோய் விட்டார்கள். மூன்றாம் நாள் இல்லத்தார் ஆட்டோ பிடித்து அவரைத் திருப்பி அனுப்பினார்கள். கிழமை முடியமுன் அதே தாழ்வாரம்.

இதில் பிழையாய்ப் போனவை நான்கு. மோசமானது கடைசியாக வருகிறது.

திறந்த புண்ணோடு வரும் ஆளை இல்லத்தில் வைத்திருக்க முடியாது. மருந்து கட்ட ஆள் வேண்டும், மற்ற முதியவர்களுக்குத் தொற்றும் பயமும் உண்டு. அடையாள அட்டையோ, கிராம உத்தியோகத்தரின் கடிதமோ, மருத்துவ அறிக்கையோ கையில் இல்லை, அவை இல்லாமல் பதிவு செய்யப்பட்ட இல்லம் ஒருவரைச் சேர்த்தால் பிறகு அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். மூன்றாவது, குடி. நாளாந்தம் குடிக்கிறவர் சட்டென்று நிறுத்தினால் சில மணித்தியாலத்தில் கை நடுங்கத் தொடங்கும், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், இரண்டாம் மூன்றாம் நாளில் பிதற்றலும் இல்லாததைக் காண்பதும் வரலாம். இதில் ஆள் சாவதும் உண்டு. இல்லத்தில் இரண்டாம் இரவு பெரியவர் நடுங்கிக்கொண்டு எழும்பி நடந்ததை அங்குள்ளவர்கள் விசர் என்று நினைத்தார்கள்.

நான்காவது, உரப்பை. குளிப்பாட்டிய இடத்தில் அது நாறுகிறது என்று குப்பையில் போட்டுவிட்டார்கள். அதற்குள்ளே பொலித்தீனில் சுற்றி அடையாள அட்டையின் நிழற்பிரதியும் பழைய கிளினிக் கொப்பியும் இருந்தன. ஒரு நாள் வேலையாக முடிந்திருக்க வேண்டியது இதனால் மாதக்கணக்கில் இழுபட்டது. தெருவில் இருக்கிறவரின் பையை அவர் சொல்லாமல் திறக்கவோ எறியவோ கூடாது. நாறினால் வெளியே இன்னொரு பையைப் போட்டு மூடலாம்.

படம் போட்டதால் வந்தது வேறொன்று. மகளின் ஊரில் அந்தப் படம் கைக்குக் கை போயிற்று. மகள் வெட்கத்தில் தொலைபேசியையே நிறுத்திவிட்டதாகப் பின்னர் தெரிந்தது. சமாதானத்துக்கு இருந்த ஒரு வழி அதோடு அடைபட்டது.

மூன்று பேர், ஒரு கொப்பி

இரண்டாம் முறை கையில் எடுத்தவர்கள் மூன்று பேர்: தேநீர்க் கடைக்காரர், நிலையத்தடியில் ஆட்டோ ஓட்டுகிறவர், இளைப்பாறிய எழுதுவினைஞர் ஒருவர். சங்கமும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. நாற்பது பக்கக் கொப்பி ஒன்றைக் கடையில் வைத்தார்கள். யார் எந்த நாள் எங்கே போனது, எந்த உத்தியோகத்தர் என்ன சொன்னார், அடுத்தது என்ன என்று அதில் எழுதினார்கள். மூன்று பேரும் ஒரே நேரத்தில் பெரியவரிடம் போகக்கூடாது என்றும் பேசி வைத்தார்கள். கூட்டமாக வந்தால் பொலிசோ, திரும்பவும் இல்லமோ என்று அவர் பயப்படுவார்.

பொலிஸ் பயம் சும்மா வந்ததில்லை. பிச்சை எடுப்பதையும் வேலையற்றுத் திரிவதையும் குற்றமாக வைத்த அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம் 1841ஆம் ஆண்டுடையது. “அந்தாளை இங்கிருந்து எழுப்புங்கள்” என்று கடைக்காரர் ஒருவர் பொலிசுக்கு அடித்த தொலைபேசி அழைப்பு எதில் போய் முடியும் என்று தெருவில் இருப்பவர்களுக்குத் தெரியும். உதவி என்று நினைத்து 119ஐ அழைக்கிறவர்களும் இதை நினைவில் வைப்பது நல்லது. அடிதடியோ ஆபத்தோ என்றால் மட்டும் பொலிஸ். சுகவீனம் என்றால் 1990 அம்புலன்ஸ்.

முதல் இரண்டு கிழமை ஊர் பற்றியும் பிள்ளைகள் பற்றியும் ஒரு கேள்வியும் இல்லை. காலையில் ஒரு தேத்தண்ணீர், ஒரு சுகம் விசாரிப்பு. பத்தாம் நாள் போல கடைக்காரர் கால் புண்ணைப் பற்றிக் கதை எடுத்தார்.

“ஐயா, காலை ஒருக்கா டொக்டருக்குக் காட்டினா என்ன?”

“ஆஸ்பத்திரிக்கு மட்டும் ஏலா மனே. காலை வெட்டிப் போடுவாங்க. மறுகா நான் எப்பிடி நடக்கிற?”

இந்தப் பயத்துக்குச் சமாதானம் சொல்வதில் பயனில்லை, ஏனென்றால் அது முழுப் பொய்யும் இல்லை. நீரிழிவுப் புண்ணைக் கவனிக்காமல் விட்டுவிட்டால் அதில் போய் முடியவும் கூடும். ஆட்டோக்காரர் கொடுத்தது ஒரு வாக்கு மட்டும்: டொக்டர் என்ன சொன்னாலும் ஐயாவிடம் கேட்காமல் ஒன்றுக்கும் ஒப்பமிட மாட்டோம், உள்ளே இருக்கும்வரை தினமும் ஒரு ஆள் வரும். அதை அவர் காப்பாற்றியும் காட்டினார்.

கால்

புண்ணுக்கு வீதியில் செய்யக்கூடியது கொஞ்சம்தான், அதையும் அளவோடு செய்ய வேண்டும். கையுறை போட்டு, கொதித்தாறிய தண்ணீரை நிறைய ஊற்றிக் கழுவ வேண்டும். ஒட்டியிருக்கும் துணியைப் பிய்க்கக் கூடாது. பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவிட்டால் தானாகக் கழரும். பிறகு உலர்ந்த கோஸ் வைத்து, இரண்டு விரல் நுழையும் தளர்வில் பன்டேஜ். மஞ்சள், சாம்பல், ஸ்பிரிட், கலக்காத டெற்றோல் எதுவும் வேண்டாம். புழு கண்டால் மண்ணெண்ணெய் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள்; புழுவோடு நல்ல சதையும் வெந்துபோகும், அதை வைத்தியசாலையிலேயே எடுக்கட்டும். கால்விரல் கறுத்திருந்தால், சிவப்பு மேலே ஏறினால், காய்ச்சலோ பிணவாடையோ இருந்தால், கழுவிக்கொண்டிராமல் அன்றைக்கே 1990 சுவசெரிய. அது இலவசம். அழைக்கும்போது தெருப் பெயரைவிடப் பக்கத்திலுள்ள வங்கி, கோயில், மணிக்கூட்டுக் கோபுரம் என்று சொன்னால் வண்டி சுணங்காது.

பெரியவரைக் கொண்டுபோனது திங்கள் காலை. அது யோசித்துத் தெரிந்த நாள். வெள்ளி பின்னேரம் சேர்த்தால் கிளினிக்கும் சமூக சேவைப் பிரிவும் திங்கள்வரை அசையாது. கூடப் போன பையில்: இரண்டு சாரம், துவாய், பெட்சீற், சவர்க்காரம், பல்தூரிகை, கோப்பை, தட்டம், வார் வைத்த அகலச் செருப்பு (வீங்கிய காலுக்கு விரலிடைச் செருப்பு ஏறாது). வாட்டில் சேர்க்கும்போது மூன்று விஷயம் சொல்லப்பட்டு, டிக்கட்டில் (நோயாளியின் பதிவுத் தாளில்) எழுதப்படும்வரை எழுதுவினைஞர் அங்கேயே நின்றார்: தினமும் குடிக்கிறவர் (கடைசியாக நேற்று இரவு), வீடு இல்லை, தொடர்புக்கு இந்தக் கடையின் முகவரியும் இந்தத் தொலைபேசி இலக்கமும். முதலாவதை வெட்கப்பட்டு மறைக்கிறவர்கள் அதிகம். சொன்னபடியால்தான் குடி நிற்கும்போது வரும் நடுக்கத்துக்கும் முதல் நாளே மருந்து தொடங்கியது, இரண்டாம் இரவு அமைதியாகப் போயிற்று.

இலவச வைத்தியத்தில் மருந்துக்கும் கட்டிலுக்கும் காசு இல்லை, சாப்பாடும் வரும். ஆனால் துணைக்கு நிற்கிற ஆள் இல்லாத நோயாளி அங்கேயும் ஒரு படி கீழேதான். ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போக, இல்லாத மருந்தை வெளியே வாங்கிவர, மலசலகூடத்துக்குத் தாங்க ஒரு ஆள் வேண்டும். எல்லாவற்றையும்விட, துண்டு வெட்டி வாட்டிலிருந்து விடும் நாளில் “வீட்டுக்குப் போங்கள்” என்றால் அவருக்கு வீடு என்பது வாசற்படிக்கு வெளியே உள்ள வீதி. அதனால் சேர்த்த இரண்டாம் நாளே வாட்டுத் தாதியிடமும் சமூக சேவைக்குப் பொறுப்பானவரிடமும் “துண்டு வெட்ட ஒரு நாள் முன்னுக்கு அழைத்துச் சொல்லுங்கள்” என்று கேட்டு வைத்தார்கள். காலை வெட்ட வேண்டி வரவில்லை. இரண்டு விரல் மட்டும் போனது. அந்த முடிவு பெரியவரிடம் கேட்டு, அவர் ஒப்பத்தோடு எடுக்கப்பட்டது.

வெளியே வந்தபின் சிக்கல் வேறு உருவத்தில் வந்தது: நீரிழிவுக் குளிசை. சில குளிசைகள் சாப்பிடாத வயிற்றில் சீனியை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். சாப்பாடு நிச்சயமில்லாதவருக்கு “காலை ஒன்று இரவு ஒன்று” என்று பக்கற்றில் எழுதிக் கொடுத்தால், பார்சல் வராத இரவில் அவர் குளிசையைப் போட்டுவிட்டு வியர்த்து மயங்குவார், பார்க்கிறவர்கள் வெறி என்று நடந்து போவார்கள். கிளினிக் டொக்டரிடம் ஆள் தெருவில் இருப்பதைச் சொல்லி மருந்தை மாற்றிக் கேட்டார்கள். குளிசைகள் கடை இறாக்கையில். சாப்பாட்டுத் தட்டத்தோடு மட்டும் கைக்கு வரும்.

சாப்பாட்டுக்கு எடுத்த வழி எளிது. பார்சல் கொடுக்க வருகிறவர்களிடம் கடைக்காரர் “காசாகக் கணக்கில் போட்டுவிட்டுப் போங்கள்” என்றார். அந்தக் கணக்கில் காலையும் இரவும் ஒழுங்காகப் போயிற்று: இடியப்பம், பருப்பு, அவித்த முட்டை, சில நாளில் மீன் சொதி. பல் இல்லாதவருக்கு உறைப்பான இறைச்சிக் கறிப் பார்சல் பாதி நாய்க்குத்தான். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மத்தியானச் சோறு பின்னேரத்துக்குள் புளித்துவிடும், அதை இரவுக்கென்று வைத்துச் சாப்பிட்டு வயிற்றோட்டம் வந்தவர்கள் நிலையத்தடியில் எப்போதும் இருப்பார்கள். அதற்காகக் கடையில் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஜீவனிப் பக்கற்றும் இருந்தது: ஒன்றுக்கு ஒரு லீட்டர் கொதித்தாறிய தண்ணீர், கரைத்தது 24 மணித்தியாலத்துக்குள் முடிய வேண்டும்.

இரண்டு விதானைமார்

கடதாசி வேலைதான் நீண்டது. நகரத்து விதானை, அதாவது கிராம உத்தியோகத்தர், “இவர் என்னுடைய பிரிவில் பதிவில்லை” என்றார். சொன்னது சரி. ஊர்ப் பிரிவின் உத்தியோகத்தரோ “வருடக் கணக்காக இங்கே இல்லாதவருக்கு வதிவிடச் சான்று தர முடியாது” என்றார். அதுவும் சரி. இரண்டு சரியான பதிலுக்கு நடுவில் நின்றார் பெரியவர்.

ஊர் எது என்பதே அவர் வாயால் நேரே வரவில்லை. வாட்டில் இருந்தபோது கொக்கட்டிச்சோலைத் தேரோட்டம் பற்றி, தேர்க் கயிறு பிடித்த கதை பற்றிப் பேசினார். அப்போதுதான் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை என்று பிடிபட்டது. “ஐயா என்ன குடி?” என்ற கேள்விக்குத் தயங்காமல் பதில் வந்தது. இங்கே குடி என்பது தாய்வழிக் குலம். மட்டக்களப்பில் ஆளைத் தேட இதைவிட நல்ல சாவி கிடையாது. குடிவழியாகக் கோயில் உரிமைகள் பிரிந்திருப்பதால் எந்தக் குடி, எந்தக் கோயில் என்று தெரிந்தால் கோயில் நிருவாகத்தைப் பார்க்கும் அந்தக் குடி வண்ணக்கரிடம் கேட்கலாம். அவருக்கு மூன்று தலைமுறை தெரியும். மண்முனைப் பாலத்தால் ஆட்டோவில் ஒரு போக்கு. வண்ணக்கர் பெரியவரின் முழுப் பெயரையும் தகப்பன் பெயரையும் தமையனின் மகள் வீட்டையும் சொன்னார். மகளிடம் போகவில்லை. பெரியவர் அதற்கு இன்னும் சம்மதம் தந்திருக்கவில்லை.

அடையாள அட்டை இலக்கம் மறந்துவிட்டது, ஆனால் பாதி இருந்தது. பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஒரு எழுத்தும்: முதல் இரண்டும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் (பெண்களுக்கு அதோடு 500 கூட்டப்படும், பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் கணக்கு). “சித்திரை வருசத்துக்கு மறுநாள், ஐம்பத்தேழு” என்றார். ஏப்ரல் 14 அல்லது 15, அதாவது 57105 அல்லது 57106 என்று தொடங்க வேண்டும். இதையும் முழுப் பெயரையும் வைத்துக்கொண்டு பிரதேச செயலகத்தின் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் பிறப்புப் பதிவைத் தேடக் கொடுத்தார்கள். பதிவு கிடைத்தது, பெயரில் ஒரு எழுத்து மட்டும் வேறு. கிடைக்காமல் போயிருந்தால் பதிவில்லை என்ற தேடுதல் அறிக்கையோடு உத்தேச வயதுச் சான்றிதழ் வழியில் போக வேண்டும். பள்ளிக்கூடச் சேர்வு இடாப்பு, ஞானஸ்நானப் பதிவு, விவாகப் பதிவு எல்லாம் அதற்குத் துணை.

மற்றவை வரிசையாக: அட்டை தொலைந்ததற்குப் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, இரண்டு பெயரும் ஒரே ஆள் என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி, பழைய வாக்காளர் இடாப்பில் வீட்டு இலக்கத்தோடு இவர் பெயர் உள்ள பக்கம், அடையாள அட்டைப் படம் எடுக்க அனுமதி பெற்ற ஸ்டூடியோவில் படம். ஸ்டூடியோ அந்தப் படத்தை இணைய வழியாகவே அனுப்பிவிட்டு ஒரு பற்றுச்சீட்டுத் தரும், அதைத் தொலைத்தால் திரும்பவும் படம். முகவரிச் சிக்கலை அவிழ்த்தது தமையனின் மகள். “சித்தப்பா என்ட வளவில இருக்கட்டும்” என்று அவர் எழுத்தில் கொடுத்ததும் ஊர் உத்தியோகத்தர் சான்று தந்தார். ஒவ்வொரு பத்திரத்துக்கும் மூன்று பிரதி: ஒன்று பெரியவரிடம் பொலித்தீனில், ஒன்று கடையில், ஒன்று இந்தப் பெறாமகள் (தமையனின் மகள்) வீட்டில்.

கூரை

பிரதேச செயலகத்தில் முதியோர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் ஒரு வழி சொன்னார். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டப்படி பிள்ளைகளிடம் பராமரிப்புக் கேட்டு அதற்கென உள்ள சபைக்கு விண்ணப்பிக்கலாம். பெரியவர் ஒரே வசனத்தில் மறுத்தார்: “பெத்த புள்ளைய விசாரணைக்கு ஏத்தச் சொல்றியா மனே?” அந்தப் பேச்சு அங்கேயே விடப்பட்டது. உரிமை இருக்கிறது என்பதற்காக அதைப் பாவிக்க வைக்கும் வேலை உதவிக்காரருடையதல்ல.

பெறாமகளின் வளவில் கொட்டில் ஒன்று போட்டார்கள். பத்தடிக்கு எட்டடி, ஒரு பக்கச் சரிவு. பத்தடித் தகரம் ஆறு, பக்கத்துக்குக் கிடுகு, நிலம் ஒன்றரை அடி உயர்த்திச் சீமெந்துப் பூச்சு. உயரம் வீண் செலவு என்று ஒருவர் சொன்னார். மாரியில் படுவான்கரையைப் பார்த்தவர் அப்படிச் சொல்லமாட்டார். கட்டில் பதினெட்டு அங்குலம், குந்தி எழும்ப முடியாத காலுக்காக. வளவில் இருந்த மலசலகூடத்துக்குப் பிடித்து எழும்பக் குழாய் ஒன்று பொருத்தினார்கள். பெறாமகள் போட்ட நிபந்தனை ஒன்றுதான், வளவுக்குள் குடி இல்லை. முதல் மாதம் இருமுறை மீறப்பட்டது. இரண்டு முறையும் ஆட்டோக்காரர் போய்ப் பேசினார். குடியை முழுக்க விடுவதற்கென்று காத்திருந்தால் கூரையே வந்திருக்காது.

வருமானம் இன்னும் முழுதாகச் சரிவரவில்லை. 60 கடந்தபடியால் முதியோர் அடையாள அட்டை கிடைத்தது, பஸ்சிலும் வைத்தியசாலையிலும் அதற்கு மதிப்புண்டு. முதியோர் கொடுப்பனவுக்கு 70 ஆக வேண்டும். பொதுசன மாதாந்த உதவிக்கு, அதாவது பிச்சைச் சம்பளத்துக்கு, விண்ணப்பம் போயிருக்கிறது. 2023இல் தொடங்கிய அரச நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசும குடும்பத்தைக் கணக்கெடுப்பதால், பெறாமகளின் குடும்பத்தோடு இவரைச் சேர்த்தால் அவர்களுக்குக் கிடைப்பது குறையுமோ என்ற பயம் அந்த வீட்டில் உண்டு. தனி ஆளாகப் பதிவதா என்பதை ஒப்பமிடுமுன் உத்தியோகத்தரிடம் கேட்டுத் தெளிவது அவசியம். அதுவரை கடைக் கணக்கில் சேரும் காசிலிருந்து மாதம் ஒரு தொகை பெறாமகளுக்குப் போகிறது, பெரியவர் கையால்.

இந்த வரிசை பொருந்தாத இடங்கள்

கால், கடதாசி, கூரை என்ற வரிசை எல்லோருக்கும் சரிவராது. தனக்குத்தானே பேசிக்கொண்டு, சாப்பாட்டில் நஞ்சு என்று தள்ளிவிடும் ஆளிடம் கடதாசிக் கதை எடுபடாது. 1926 தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழைத்து ஆலோசனை கேட்டு, பக்கத்து வைத்தியசாலையின் மனநலப் பிரிவோடு தொடர்புகொள்வதுதான் முதல் வேலை. இரண்டு கிழமைக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனை, அது மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்தில் இலவசம். காச நோய் என்று தெரிந்தால் குறைந்தது ஆறு மாதம் மருந்து விடாமல் போக வேண்டும், அந்த ஆறு மாதத்துக்கு யார் கொடுப்பது என்பதை முதலே தீர்மானிக்க வேண்டும். வெள்ளத்தில் நடந்து திரிந்தவருக்குக் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் எலிக்காய்ச்சல் சந்தேகம், பனடோலோடு இருக்க விடக்கூடாது.

பெண் என்றால் இரவு எங்கே என்பதே முதற் கேள்வி. கேட்பதும் கூடப் போவதும் ஒரு பெண்ணாக இருக்க வேண்டும். 1938 பெண்களுக்கான உதவி இலக்கம். பிள்ளை தெருவில் தனியே இருந்தால் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது, எவ்வளவு நல்ல எண்ணம் என்றாலும். 1929க்கு அழைத்து, பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் வரும்வரை ஆட்கள் நடமாடும் வெளிச்சமான கடையொன்றில் பிள்ளையோடு இருக்க வேண்டும், படம் எடுக்காமல்.